வெள்ளைக்குத்தான் விலை

நவராத்திரி வந்துவிட்டால் மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் எத்தனையோ வீடுகளில் அரிசியையும் கோதுமையையும் தொடமாட்டார்கள். விரதத்துக்கு சாபுதானா கிச்சடிதான். ஊறவைத்த ஜவ்வரிசி, வறுத்து இடித்த வேர்க்கடலை, பச்சை மிளகாய், சீரகம், கொஞ்சம் நெய். சிவராத்திரிக்கும் ஏகாதசிக்கும் இதே சாப்பாடு. இந்தூரிலோ புனேயிலோ மளிகைக் கடைக்குப் போகும் பெண்மணி பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். பளிச்சென்று இருந்தால் எடுத்துக்கொள்கிறார். லேசாக மங்கியிருந்தால் பழைய சரக்கு என்று நினைத்து வைத்துவிடுகிறார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் ஆத்தூரிலும் தலைவாசலிலும் ராசிபுரத்திலும் சேந்தமங்கலத்திலும் நடக்கும் சேகோ ஆலைகளின் தலையெழுத்தை அந்த ஒரு பார்வைதான் எழுதுகிறது.

சட்டம் ஜவ்வரிசியை வெளுக்காதே என்கிறது. சந்தை வெள்ளைக்கே கூடுதல் விலை கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஆலைக்காரர் நிற்கிறார். அவருக்குப் பின்னால், கிழங்கைத் தோண்டி வண்டியில் ஏற்றிவிட்டுக் காசுக்குக் காத்திருக்கிறார் விவசாயி. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் 'ஜவ்வரிசியில் கலப்படம்', 'சேகோ ஆலையில் அதிரடிச் சோதனை', 'மூட்டை மூட்டையாகப் பறிமுதல்' என்று வருடந்தோறும் செய்தி வருகிறது. சோதனை நடக்கிறது, அபராதம் விழுகிறது, அடுத்த அரவைப் பருவத்தில் அதே செய்தி திரும்ப வருகிறது. அதிகாரிகள் சும்மா இருக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் ஆலை வாசலில் முழு பலத்தோடு நிற்கிறது. விலை முடிவாகும் இடத்துக்கு அது இன்னும் போய்ச்சேரவில்லை. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

முதலில் ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். மரவள்ளியை நம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்பார்கள். தோண்டியதிலிருந்து இரண்டு நாளுக்குள் அரைத்தாக வேண்டும். தாமதித்தால் உள்ளே நீலமும் கறுப்புமாக நரம்பு ஓடிவிடும். வண்டியிலிருந்து கொட்டிய கிழங்கைத் தோல் உரித்து, மண் போகக் கழுவி, அரவை இயந்திரத்தில் கூழாக்குகிறார்கள். அந்தக் கூழைச் சல்லடைகளில் விட்டால் மாவுப்பால் கீழே இறங்கும், சக்கை மேலே நிற்கும். சக்கைக்குப் பெயர் திப்பி. அது காய்ந்து மாட்டுத் தீவனமாகவும் கோழித் தீவனமாகவும் போய்விடும். மாவுப்பால் தொட்டிகளில் மணிக்கணக்கில் தெளியும். மேலே நிற்கும் மஞ்சள் தண்ணீரை வடித்து, மாவின் மேல் படிந்திருக்கும் அழுக்கு ஏட்டைச் சுரண்டி எடுத்துவிட்டால், அடியில் கட்டியாக ஈரமாவு இருக்கும். அதை உடைத்துத் தூளாக்கித் துணித்தூளியில் போட்டுக் குலுக்கினால் மாவு உருண்டு மணியாகிறது. மணியைச் சலித்து, எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுத்து, சிமெண்ட் களத்தில் வெயிலில் காயவைத்தால் சாதா ஜவ்வரிசி. வறுப்பதற்குப் பதில் ஆவியில் வேகவைத்தால் கண்ணாடி போன்ற நைலான் ஜவ்வரிசி.

வெள்ளை எங்கிருந்து வருகிறது என்பது இந்த வேலையிலேயே தெரிந்துவிடும். புதுக்கிழங்கு, சுத்தமாக உரித்த தோல், தாராளமான நல்ல தண்ணீர், பொறுமையாகத் தெளியவிட்ட தொட்டி. நான்கும் சரியாக அமைந்தால் மாவு தானாகவே வெள்ளையாக இருக்கும். ஆனால் அது நீலம் போட்ட வேட்டியின் வெள்ளையாக இருக்காது, பாலாடையின் மங்கிய வெள்ளையாகத்தான் இருக்கும். நான்கில் ஒன்று குறைந்தாலும் நிறம் இன்னும் இறங்கும். கோடையில் தண்ணீர் குறையும். பருவத்தின் உச்சத்தில் வண்டிகள் வரிசையில் நிற்கக் கிழங்கு வாடும். தோலோடு அரைத்தால் கூலி மிச்சம். இந்த இடத்தில்தான் ரசாயனம் உள்ளே நுழைகிறது. ஹைப்போகுளோரைட், கந்தக அமிலம், பாஸ்பாரிக் அமிலம், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று ஒரு வரிசையே உண்டு. துணிக்கு வெளுப்பேற்றும் பொருள்கள்கூட உணவுக்குள் வந்திருக்கின்றன. விலை குறைந்த மக்காச்சோள மாவைக் கலப்பது வேறு வகை மோசடி. அதில் பாதிப்பு விவசாயிக்கும் சேர்த்து. கலக்கும் ஒவ்வொரு மூட்டை மக்காச்சோள மாவும் அவர் வயலில் விற்காமல் நிற்கும் கிழங்குதான்.

இதில் நேர்மையாக இருக்கும் ஆலைக்காரரின் நிலையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எதையும் சேர்க்காத அவர் சரக்கு ஏலத்தில் பக்கத்து மூட்டையைவிட மங்கலாகத் தெரிகிறது. விலை குறைத்து எழுதுகிறார்கள். அவர் கிழங்குக்குக் கொடுத்த விலை அதேதான். கூலி அதேதான், மின்கட்டணம் அதேதான். ஒரு பருவம் தாக்குப்பிடிப்பார், இரண்டு பருவம் தாக்குப்பிடிப்பார். சட்டத்தை மதித்ததற்காக ஒருவர் நஷ்டப்படுகிறார் என்றால், அந்தச் சட்டத்தில் எழுத்துப் பிழை இல்லாவிட்டாலும் நடைமுறையில் பெரிய ஓட்டை இருக்கிறது.

இந்தத் தொழிலை அரசு கொண்டுவந்து வைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சவ்வரிசி வருவது நின்றபோது, 1943இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் இதைத் தொடங்கினார். மலேயாவின் பினாங்கிலிருந்து வந்திருந்த பொப்பட்லால் ஷாவுக்கு மரவள்ளி மாவில் சவ்வரிசி செய்யும் விதம் தெரிந்திருந்தது. கேரளத்தில் ஏராளமாகக் கிடைத்த மரவள்ளி மாவையும் பினாங்குக்காரரின் கைப்பக்குவத்தையும் சேர்த்து, எளிய கருவிகளோடு சேலத்தில் வேலை ஆரம்பமானது. பிறகு கிழங்கே இங்கே விளைய ஆரம்பித்தது.

மறுவருடமே ஆட்சியரின் உத்தரவு வந்துவிட்டது. 1944, பஞ்ச காலம். மரவள்ளி மக்கள் பசிக்கு உதவும் உணவு, அதை ஸ்டார்ச்சாகவும் ஜவ்வரிசியாகவும் மாற்றக்கூடாது என்றார் சேலம் மாவட்ட ஆட்சியர். ஜவ்வரிசியை மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோகவும் தடை விழுந்தது. பஞ்ச நேரத்தில் ஓர் ஆட்சியருக்கு வரும் நியாயமான பயம்தான் அது. ஆனாலும் பிறந்து ஒரு வருடமேயான தொழிலுக்கு அது மரண ஓலை. ஆலைக்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். குடிமைப் பொருள் ஆணையரிடம் முறையிட்டு உத்தரவை ரத்து செய்ய வைத்தார்கள். அந்தத் தொழில் சங்கமே ஓர் அரசாணையை எதிர்த்துப் பிறந்தது என்பதை இன்றைக்கு அதிகாரிகளும் ஆலைக்காரர்களும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்க்கும்போது நினைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த கேள்வி, இது சவ்வரிசிதானா என்பது. உலகத்தில் சேகோ என்றால் தென்கிழக்கு ஆசியாவில் வளரும் சேகோப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. மரவள்ளியில் செய்ததை அதே பெயரில் விற்கலாமா? இந்திய உணவுச் சட்டம் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. சேகோப் பனையின் மாவிலோ மரவள்ளிக் கிழங்கிலோ செய்த, சிறிய கெட்டியான உருண்டை மணிகள் சவ்வரிசி. அந்நியப் பொருள் எதுவும் இருக்கக்கூடாது, இயற்கை நிறமூட்டிகூடக் கூடாது. மொத்தச் சாம்பல் 0.4 சதவீதத்தையும் அமிலத்தில் கரையாத சாம்பல் 0.1 சதவீதத்தையும் தாண்டக்கூடாது. 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்ட காலத்திலிருந்து வந்த இந்த வரையறை இன்றைய விதிகளிலும் தொடர்கிறது. ஜவ்வரிசி இவ்வளவு வெள்ளையாக இருக்க வேண்டும் என்று இதில் எங்கும் இல்லை. வெள்ளை சந்தை வைத்த அளவுகோல். அந்த அளவுகோலுக்கு இந்த வரையறையில் இடம் கிடையாது.

சேலத்தில் இந்தச் சரக்கு பெரும்பாலும் எங்கே விலையாகிறது? 'சேகோசர்வ்' என்று எல்லோரும் அழைக்கும் ஸ்டார்ச், ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கத்தில். 1981இல் பதிவாகி, ஓமலூர் சாலையில் ஜாகீர் அம்மாபாளையத்தில் இயங்குகிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் உறுப்பினர்கள். அரசு நியமிக்கும் அதிகாரி மேலாண்மை இயக்குநராக இருப்பார். அதற்கு முந்தைய காலத்தில் ஆலைக்காரர்கள் இடைத்தரகர்கள் பிடியில் இருந்தார்கள். கையில் காசில்லாமல் சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். கிடங்கில் மூட்டையை வைத்து அதன்மேல் முன்பணம் வாங்கலாம், மாதிரியைப் பார்த்து வணிகர்கள் மறைமுகமாக விலை எழுதுவார்கள், விலை பிடிக்காவிட்டால் விற்காமல் வைத்திருக்கலாம் என்று வந்தபோதுதான் தொழிலுக்கு முதுகெலும்பு நிமிர்ந்தது. இதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் சங்கத்தின் மூலம்தான் விற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே நேரடியாகவும் விற்கலாம். கலப்படச் சரக்கு வெளிச்சந்தை வழியாகத்தான் போகிறது, எல்லா ஜவ்வரிசியும் சேகோசர்வ் வழியாகவே போக வேண்டும் என்று சட்டம் போடுங்கள் என்று விவசாயிகள் சங்கங்கள் பல காலமாகக் கேட்கின்றன. எனக்கு அந்தக் கோரிக்கையின் கோபம் புரிகிறது, கோரிக்கையோடு உடன்பாடு இல்லை. அரசியல் சாசனத்தின் 19(1)(g) பிரிவு தொழில் செய்யும் உரிமையைத் தருகிறது. 19(6) பொதுநலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்க அனுமதிக்கிறது. நியாயமான என்ற அந்தச் சொல்லுக்குள் ஒரே விற்பனை வாசல் அடங்குமா என்று நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் வழக்கு நடக்கும். அதற்குள் மூட்டைகள் போய்க்கொண்டேதான் இருக்கும். தவிர, ஏலக்கூடத்திலும் வெள்ளைக்கே விலை என்றால் எல்லாச் சரக்கையும் அங்கே கொண்டுவந்து கொட்டுவதால் மட்டும் என்ன மாறும்?

சட்டத்தின் கை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006இல் நிறைவேறி, 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆலைக்குள் வந்து மாதிரி எடுக்கிறார். எடுத்ததை நான்கு பங்காக்கி, ஒவ்வொன்றையும் முத்திரையிடுகிறார். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகிறது. இரண்டு பங்கு மாவட்ட நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். நான்காவது பங்கைத்தான் ஆலைக்காரர்கள் பலர் கவனிப்பதில்லை. உரிமையாளர் கேட்டால் அது அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், செலவு அவருடையது. இரண்டு அறிக்கையும் ஒன்றோடொன்று முரண்பட்டால் பரிந்துரை ஆய்வகம் இறுதி முடிவு சொல்லும். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சேலத்திலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக்கூடம் இருப்பது இந்தப் பகுதிக்குக் கிடைத்த வசதி.

அறிக்கையில் என்ன சொல் விழுகிறது என்பதைப் பொறுத்து வழக்கின் பாதையே மாறிவிடும். 'பாதுகாப்பற்றது' என்றால் குற்றவியல் நீதிமன்றம், சிறைவரை போகலாம். 'தரம் குறைந்தது' என்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். லேபிள் பொய் சொன்னால் 3 லட்சம் வரை. இந்த அபராத வழக்குகளை விசாரிப்பவர் நீதிபதி அல்லர், தீர்ப்பு அலுவலர். கூடுதல் மாவட்ட நடுவர் பதவிக்குக் குறையாத அதிகாரி என்கிறது சட்டத்தின் 68ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் அது மாவட்ட வருவாய் அலுவலர். காலையில் நிலப் பிரச்சினை, மதியம் மனுநீதி, இடையில் தேர்தல் வேலை, அதற்கு நடுவில் ஒரு மூட்டை ஜவ்வரிசியின் விதி. அபராதத்தை நிர்ணயிக்கும்போது கிடைத்த ஆதாயம் எவ்வளவு, பாதிப்பு எவ்வளவு, இது முதல் தடவையா, தெரிந்து செய்ததா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று 49ஆம் பிரிவு சொல்கிறது. பார்ப்பதற்கு நேரம் வேண்டும். உத்தரவில் காரணம் எழுதுவதற்கு அதைவிட நேரம் வேண்டும்.

அவர் காலையில் ஆட்சியருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி. மதியம் வழக்கை விசாரிக்கும்போது யாருக்கும் கீழ்ப்பட்டவர் அல்லர். இந்த வேறுபாட்டை நாட்டுக்கே சொல்லித்தந்த வழக்கு ஒன்றில் நம் பழைய சேலம் மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டு. சென்னையிலிருந்து கிருஷ்ணகிரிக்கு எக்ஸ்பிரஸ் பஸ் விட பர்மிட் கொடுப்பதில் எழுந்த தகராறு அது. தர்மபுரி மாவட்டம் 1965இல்தான் பிரிந்தது, அதற்கு முன் கிருஷ்ணகிரி சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த நாளில் பஸ் பர்மிட் என்றால் பெரும் சொத்து. யாருக்கு எத்தனை மதிப்பெண் போட வேண்டும் என்று சென்னை மாநில அரசு 1956 ஏப்ரல் 28இல் 1298ஆம் எண் அரசாணை போட்டிருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் சென்னை மாநிலம் சேர்த்திருந்த 43-ஏ பிரிவின் பலத்தில் போட்ட ஆணை. போக்குவரத்து அதிகாரிகள் அதன்படி மார்க் போட்டு பர்மிட் கொடுத்தார்கள். பி.ராஜகோபால நாயுடு என்ற பஸ் உரிமையாளர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1964இல் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் அமர்வு அந்த அரசாணை செல்லாது என்றது. நிர்வாக விஷயத்தில் அரசு பொதுவான வழிகாட்டுதல் கொடுக்கலாம். ஆனால் இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பு சொல்லும் வேலையை ஒரு அதிகாரிக்குச் சட்டம் கொடுத்துவிட்டால், எப்படித் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று அவருக்கு அரசு உத்தரவிட முடியாது. நிர்வாகச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு இது.

இதை ஏன் ஜவ்வரிசிக் கட்டுரையில் இழுக்கிறேன் என்றால், பரபரப்பான செய்தி ஒன்று வந்ததும் 'கடும் நடவடிக்கை' என்று மேலிருந்து சொல் பிறக்கும். சோதனையை முடுக்கிவிடுவதற்கு அந்தச் சொல் சரிதான். ஆனால் தீர்ப்பு அலுவலரின் மேசைக்கு அது போகக்கூடாது. ஒரே மாதத்தில் இத்தனை அபராதம் என்று கணக்குக் காட்டுவதற்காக வழக்குகள் முடிந்தால், மேல்முறையீட்டில் அவை உதிர்ந்துவிடும். உண்மையிலேயே விஷம் கலந்தவரும் அதே ஓட்டையில் தப்பிப்பார். சட்டம் அதிகாரிக்கும் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. காரணமில்லாமல் தொல்லை கொடுக்கும் நோக்கில் பறிமுதல் செய்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கே 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 39ஆம் பிரிவில் வழி இருக்கிறது. புகார் பொய்யென்றால் புகார் கொடுத்தவருக்கும் அபராதம் உண்டு.

ஆலையின் முன்வாசலில் உணவுச் சட்டம் என்றால் பின்வாசலில் தண்ணீர்ச் சட்டம். மாவு தெளிந்த மஞ்சள் தண்ணீரைத் திறந்துவிட்டால் ஊரே நாறும். அதில் கரைந்திருக்கும் மாவு அழுகி ஆற்றின் உயிர்க்காற்றைத் தின்றுவிடும். கிழங்கில் இயல்பாகவே உள்ள சயனைடும் கொஞ்சம் கலந்திருக்கும். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரத்தின் சாக்கடையையும் சாயத்தையும் ஏற்றுக்கொண்டு நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேரும் திருமணிமுத்தாற்றைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் ஆலை ஓடக்கூடாது. 1988இல் சேர்த்த 33-ஏ பிரிவு, ஆலையை மூடச் சொல்லவும் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லவும் வாரியத்துக்கு அதிகாரம் கொடுத்தது. அபராதத்துக்குப் பயப்படாதவர்கள்கூட ஃபியூஸ் பிடுங்குவார்கள் என்றால் பயப்படுவார்கள்.

இந்தப் பின்வாசல் கதையில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அந்த நாற்றத் தண்ணீரை மூடிய கலனில் அடைத்துப் புளிக்கவைத்தால் மீத்தேன் வாயு வரும். சேலம் பகுதியில் பல ஆலைகள் அந்த வாயுவில் ஜெனரேட்டர் ஓட்டி மின்கட்டணத்தைக் குறைத்துக்கொண்டன. மத்திய அரசின் மானியமும் இதற்கு வந்தது. சட்டம் சொன்னதைச் செய்தால் ஆலைக்காரருக்கும் லாபம் என்று ஆனதும் அதிகாரி துரத்த வேண்டிய தேவை குறைந்தது. முன்வாசலில் இன்னும் அப்படி ஒரு வழி பிறக்கவில்லை. இந்தச் சமவெளியின் மற்றத் தொழில்களையும் யோசித்துப் பாருங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டது. நிலத்தடி நீருக்காகத் தமிழ்நாடு 2003இல் கொண்டுவந்த சட்டமோ நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்தானது. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் கொலிஸ்டின் மருந்துக்கு மத்திய அரசு 2019 ஜூலையில்தான் தடை போட்டது. தொழில் முன்னே ஓடிவிடும். சட்டம் பின்னால் வரும்போது, தொழில் எந்தக் காசில் ஓடுகிறது என்பதைப் பார்க்காமல் வந்தால் துரத்துவதோடு நின்றுவிடும்.

விவசாயியிடம் வருவோம். கிழங்குக்கு எடை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. மாவுப் பாயிண்ட் பார்ப்பார்கள். மண்ணைத் தட்டிய கிழங்கைக் காற்றில் நிறுத்து, பிறகு தண்ணீரில் மூழ்கவிட்டு நிறுத்தால் அடர்த்தி தெரியும். மாவு அதிகமான கிழங்கு தண்ணீரிலும் கனமாக நிற்கும். 25 பாயிண்ட், 28 பாயிண்ட் என்று சொல்லி, பாயிண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று பெருக்கி டன்னுக்கு விலை சொல்வார்கள். அடிப்படை அறிவியல் சரியானதுதான். ஆனால் அளக்கிற கருவி வாங்குபவரின் வாசலில் இருக்கிறது, அளக்கிறவர் அவருடைய ஆள். முந்தின வாரம் 28 வந்த வயலில் இந்த வாரம் 25 என்றால், மழை பெய்ததாலா, கருவியாலா என்று விவசாயிக்கு எப்படித் தெரியும்? தோண்டிய கிழங்கைத் திருப்பி ஏற்றிப் போகவும் முடியாது. இரண்டு நாளில் கறுத்துவிடும் பொருளோடு பேரம் பேச யாருக்கு பலம் இருக்கும்?

விலை சரியும்போதெல்லாம் ஆட்சியர் தலைமையில் முத்தரப்புக் கூட்டம் நடக்கும். விவசாயிகள், ஆலைக்காரர்கள், அதிகாரிகள் உட்கார்ந்து ஒரு விலை பேசுவார்கள். மரவள்ளிக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை கிடையாது என்பதால் அந்தக் கூட்டம்தான் விவசாயிக்குக் கிடைக்கும் ஒரே மேடை. ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட விலையைக் கொடுக்காவிட்டால் எந்தச் சட்டப் பிரிவில் போய் நிற்பது? அது வாக்குறுதிதான், ஆணை இல்லை. நான் கேட்பது பெரிய சட்டம் அல்ல. மரவள்ளி விளையும் வட்டாரங்களில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலோ சேகோசர்விலோ பொதுவான பாயிண்ட் அளவிடம் வேண்டும். அங்கே அளந்த சீட்டு இரண்டு பேரையும் கட்டுப்படுத்த வேண்டும். எடைத் தராசுக்கு அரசு முத்திரை போடுகிறது. விலையின் பாதியைத் தீர்மானிக்கிற இன்னோர் அளவைக்கும் அதே நம்பகம் வேண்டும் என்பதில் என்ன அதிசயம்?

அரசும் விஞ்ஞானிகளும் நினைத்தால் வேகமாக நகர முடியும் என்பதற்கு இதே பயிரில் சாட்சி உண்டு. 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி நாமக்கல், சேலம் வயல்களையும் பிடித்தது. செடி நுனி சுருங்கிக் குட்டையாகி, விளைச்சல் சரிந்தது. அதை அடக்கும் ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, வேறு உயிர்களுக்குத் தீங்கில்லை என்று தனிமையில் சோதித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயலுக்கு விட்டார்கள். ஒரு பூச்சியை நாட்டுக்குள் கொண்டுவர எத்தனை அனுமதி வேண்டியிருக்கும்! அத்தனையும் ஒழுங்காக, நேரத்தோடு நடந்தன. கட்டுப்பாடு என்றாலே தாமதம் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெருமைதான். ஆனால் குறியீடு ஒரு பதக்கம் மட்டும் அல்ல, கடமையும்கூட. இந்த மண்ணில் இந்த முறையில் செய்தது என்று சொல்லும் உரிமையோடு, அப்படிச் செய்யாததை அந்தப் பெயரில் விடமாட்டோம் என்ற பொறுப்பும் வருகிறது. அதை நடத்திக்காட்டும் இடம் ஏலக்கூடம்தான். சேகோசர்வில் விலைக்கு வரும் ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரி எடுத்து, வெளுப்பு ரசாயனம் உண்டா, வேறு மாவு உண்டா என்று பார்த்து, முடிவை விலை எழுதும் வணிகரின் கண்முன் வைக்க வேண்டும். சுத்தமென்று சோதனை சொன்ன சரக்கு மட்டும் புவிசார் முத்திரையோடு போகட்டும். அதற்குத் தனி ஏலம் நடக்கட்டும். மங்கிய நிறத்துக்கு விலை குறைத்து எழுதும் பழக்கம் ஒரே நாளில் போகாது. ஆனால் முத்திரைச் சரக்குக்கு ஒரு வாங்குபவர் கூடுதலாக எழுதினாலும் அடுத்த பருவத்தில் பத்து ஆலை அந்தப் பக்கம் திரும்பும். எந்தச் சோதனையும் சாதிக்காததை அது சாதிக்கும். வெளியே நேரடியாக விற்பவர்களையும் கட்டாயப்படுத்தத் தேவையிருக்காது, முத்திரை வேண்டுமென்றால் அவர்களே வருவார்கள்.

இன்னொரு வேலை சேலத்துக்கு வெளியே இருக்கிறது. இங்கிருந்து மூட்டையில் போகும் ஜவ்வரிசியை நாக்பூரிலோ இந்தூரிலோ யாரோ அரைக்கிலோ பாக்கெட்டாக்கித் தன் பெயரை அச்சடிக்கிறார். உணவுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு பொறுப்பை ஆலையோடு நிறுத்தவில்லை. பொட்டலம் கட்டுபவர், மொத்த வியாபாரி, கடைக்காரர் எல்லோரையும் அதில் சேர்த்திருக்கிறது. சேலத்து அலுவலருக்கு இருக்கும் அதே மாதிரி எடுக்கும் அதிகாரம் மகாராஷ்டிரத்து அலுவலருக்கும் இருக்கிறது. நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்னால் அங்கே மாதிரிகள் எடுத்து, வெளுத்த சரக்கை அச்சடித்த பெயரோடு வழக்கில் சேர்த்தால், அந்தப் பொட்டலக்காரரே சேலத்துக்கு போன் போட்டுச் சோதனை அறிக்கையோடு சரக்கு அனுப்பச் சொல்வார். தமிழ்நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையர், வாங்கும் மாநிலங்களின் ஆணையர்களுக்கு இதைக் கேட்டுக் கடிதம் எழுதப் புதிய சட்டமோ திருத்தமோ தேவையில்லை. அடுத்த அரவைப் பருவத்துக்கு முன்பே எழுதலாம்.